துபாய்க்கு மாதம் ஒரு கன்டெய்னர் பட்டர் ஃப்ரூட் அனுப்ப முடியுமா?

காசிமேட்டுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இறாலும் கணவாயும் ஏற்றுமதி செய்கிறார். துபாயில் இவரிடம் மீன் வாங்குபவர், “உங்கள் ஊர் மலையில் அவகாடோ விளைகிறதாமே, ஏற்றுமதித் தரத்தில் மாதம் ஒரு கன்டெய்னர் தர முடியுமா?” என்று கேட்டுவிட்டாராம். ஏற்றுமதிக்கான ஐ.ஈ.சி. நம்பர் இருக்கிறது, குளிரூட்டிய ரீஃபர் கன்டெய்னர் பழக்கம் இருக்கிறது, கஸ்டம்ஸ் ஏஜென்ட் இருக்கிறார். மலையில் யாரைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

நான் திருவொற்றியூரில் இருந்துகொண்டு பத்துப் பன்னிரண்டு வருடமாகக் காய்கறி, பழம் அனுப்புகிற ஆள். அவகாடோ என்கிற இந்தப் பட்டர் ஃப்ரூட்டில் கையைச் சுட்டுக்கொண்டவனும்கூட. அதனால் ஆளைச் சொல்வதற்கு முன்னால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது அடி ரீஃபரில் நான்கு கிலோ பெட்டியாக அடுக்கினால் ஏறத்தாழ இருபது டன் ஏறும். கால் கிலோ பழம் என்று வைத்தால் எண்பதாயிரம் பழம். நம் மலைகளில் ஒரு மரம் நூறிலிருந்து ஐந்நூறு காய் வரை காய்க்கும். நடுவாக முந்நூறு என்று வையுங்கள். அதில் பாதி தேறுவதே பெரிய விஷயம். ஆக ஒரு கன்டெய்னருக்கு ஐந்நூறு மரத்துக்கு மேல் வேண்டும். எல்லாம் ஒரே வாரத்தில், ஒரே பக்குவத்தில் கைக்கு வர வேண்டும். அதுவும் மாதாமாதம். தமிழ்நாட்டு மலைகளில் இந்தப் பழம் குவிவதே ஜூலை, ஆகஸ்ட்டில்தான். கன்டெய்னர் என்ற பேச்சை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். விமானத்தில் ஐந்நூறு கிலோ, ஒரு டன் என்று போகலாம். அதற்கு வழி இருக்கிறது.

அடுத்தது, துபாய்க்காரர் “அவகாடோ” என்று சொல்லும்போது அவர் மனதில் என்ன பழம் இருக்கிறது என்று கேட்டீர்களா? நிச்சயம் ஹாஸ்தான் இருக்கும். கரடுமுரடான தோல், பழுத்தால் கறுப்பாக மாறும், கைக்குள் அடங்கும். கலிபோர்னியாவில் ருடால்ஃப் ஹாஸ் என்ற தபால்காரர் தன் தோட்டத்தில் நட்ட விதையிலிருந்து வந்த ஒரு மரம் அது. 1935-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உலகச் சந்தையில் ஓடுவதில் பெரும்பங்கு அந்த ஒரு மரத்தின் ஒட்டுக்கன்றுகள்தான். ஒட்டு என்பதால் எல்லாப் பழமும் ஒரே மாதிரி இருக்கும். சூப்பர்மார்க்கெட்காரர்களுக்கு அதுதான் வசதி.

நம் மலையில் நிலைமை நேர்மாறு. பழனி மலையின் கீழ்ப்பகுதியில் தாண்டிக்குடி, மங்களம்கொம்பு, பெரும்பாறை, கே.சி.பட்டி, பன்றிமலை பக்கம் போய்ப் பாருங்கள். காபித் தோட்டத்துக்கு நிழலுக்காக யாரோ அந்தக் காலத்தில் கொட்டையைப் போட்டு வளர்த்த மரங்கள்தான் பெரும்பாலும் நிற்கின்றன. சில மரங்களில் மிளகுக் கொடியும் ஏறியிருக்கும். கொட்டையிலிருந்து வந்த மரம் தாய் மரத்தைப்போல இருக்காது. மாங்கொட்டை போட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு மரத்தில் பேரிக்காய் வடிவில் பச்சைப் பழம் இருக்கும். பக்கத்து மரத்தில் உருண்டையாக, ஊதா நிறத்தில் தொங்கும். அதற்கடுத்த மரத்தில் அரைக் கிலோ பழம், உள்ளே முக்கால் இடம் கொட்டை. ஒன்றில் சதை வெண்ணெய் மாதிரி, இன்னொன்றில் தண்ணீர். தோட்டக்காரர் எல்லாவற்றையும் “பட்டர் ஃப்ரூட்” என்ற ஒரே பெயரில்தான் சொல்வார். ஏற்காடு, குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் இதே கதைதான். ஹாஸ் ஒட்டுக்கன்று வைத்தவர்கள் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் பழத்தை உள்ளூர்க் கடைகளே நல்ல விலைக்குக் கொத்திக்கொண்டு போய்விடுகின்றன.

இங்கேதான் நான் அடிபட்டேன். முதல் தடவை ஒரு வியாபாரி மூலம் வத்தலகுண்டில் இறக்கிய மூட்டைகளில் நல்லதாகப் பொறுக்கி எடுத்து, இருநூறு கிலோ சிங்கப்பூருக்கு விமானத்தில் போட்டேன். பார்க்க லட்சணமான பழம், ஒரு கீறல் இல்லை. ஒன்பதாம் நாள் அங்கிருந்து போட்டோ வந்தது. ஒரு பெட்டியில் மூன்று பழம் அருமையாகப் பழுத்திருக்கிறது, நான்கு அழுகிவிட்டது, மீதி எல்லாம் ரப்பர் பந்து மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. பணம் வரவில்லை. அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன், தப்பு என்னுடையது. பத்து மரத்துப் பழத்தை ஒரு பெட்டியில் போட்டு, ஒரே பழம் என்று விற்றிருக்கிறேன்.

இந்தப் பழத்தின் குணம் அப்படி. மரத்தில் இருக்கும்வரை பழுக்கவே பழுக்காது, கல்லாகவே இருக்கும். பறித்த பிறகுதான் மெத்தென்று ஆகும். ஆனால் முற்றிய காயைப் பறித்தால் மட்டுமே ஒழுங்காகப் பழுக்கும், ஆறிலிருந்து பத்து நாளில். பிஞ்சைப் பறித்தால் பழுக்காது, காம்புப் பக்கம் சுருங்கி ரப்பராகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், முக்கியமாகப் பச்சை ரகத்தில். போதாததற்கு ஒரு மரம் வாரக்கணக்கில் பூக்கும், அதனால் ஒரே கிளையில் முற்றியதும் இளசும் சேர்ந்து தொங்கும். நம்மூர் வியாபாரி மரத்தை மொத்தமாகக் குத்தகைக்குப் பேசி, ஆளை ஏற்றி, ஒரே நாளில் உலுக்கி இறக்கிவிடுவார். மறுபடி மலை ஏற அவருக்குக் கூலி கட்டாது. அவர் பக்கம் நியாயம்தான், ஆனால் அந்தச் சரக்கு உங்களுக்கு உதவாது.

முற்றியதா என்று தெரிந்துகொள்ள மலைக்காரர்கள் கொட்டையைப் பார்ப்பார்கள். காயை வெட்டினால் கொட்டையைச் சுற்றியிருக்கும் தோல் காகிதம்போல மெலிந்து, கரும்பழுப்பாக இருந்தால் முற்றியது. வெள்ளையாக, தடித்து ஒட்டிக்கொண்டிருந்தால் பிஞ்சு. ஊதா ரகத்தில் நிறம் மங்கி அரக்குச் சிவப்பாகும், பச்சை ரகத்தில் லேசாக மஞ்சள் ஓடும். இதெல்லாம் நல்ல கைப்பக்குவம்தான், நானும் பார்க்கிறேன். ஆனால் வாங்குபவரிடம் “கொட்டைத் தோல் பழுப்பாக இருந்தது” என்று சொன்னால் நடக்காது. அவர் கேட்பது டிரை மேட்டர், அதாவது சதையில் தண்ணீர் போக மிஞ்சும் எடை. காய் முற்ற முற்ற எண்ணெய் ஏறும், தண்ணீர் குறையும், இந்த எண் கூடும். ஐரோப்பியத் தரத்தில் ஹாஸுக்குக் குறைந்தது 21 சதவீதம் வேண்டும், ஃபுவர்ட்டே, பிங்கர்டன், ரீட் போன்ற ரகங்களுக்கு 20. கலிபோர்னியாவில் ஹாஸுக்கு 20.8.

இதற்கு லேப் தேவையில்லை. வீட்டு மைக்ரோவேவும், கிராமில் பத்தில் ஒரு பங்கையும் சுத்தமாகக் காட்டும் தராசும் போதும். தோலையும் கொட்டையையும் எடுத்துவிட்டு, சதையைத் துருவி ஐம்பது கிராம் எடுங்கள். தட்டில் பரப்பி, குறைந்த சூட்டில் விட்டுவிட்டுக் காய வையுங்கள். கருகக் கூடாது. இரண்டு தடவை நிறுத்தும் எடை மாறவில்லை என்றால் முடிந்தது. பதினொரு கிராம் மிஞ்சினால் 22 சதவீதம். எட்டு கிராம் என்றால் 16, அந்த மரத்தை இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுத் திரும்பிப் பாருங்கள். வீட்டில் அம்மா மைக்ரோவேவைத் தர மாட்டேன் என்பார், அந்த மணம் லேசில் போகாது. பழையது ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

கென்யாவில் இதற்கு அரசாங்கமே தடை போடுகிறது. முராங்கா போன்ற மேட்டுநிலங்களில் ஹாஸ் ஏராளம். இருந்தும் பருவம் முடியும்போது பிஞ்சுக் காய் கப்பலேறி நாட்டின் பெயரைக் கெடுக்கக்கூடாது என்று, சில மாதங்களுக்குக் கடல்வழி ஏற்றுமதியையே நிறுத்தி வைக்கிறார்கள். தான்சானியாவில் இஞ்சோம்பே, கிளிமஞ்சாரோ பக்கத்து மலைப்பழம் இந்தியாவுக்கே கப்பலில் வருகிறது. சென்னைக் கடைகளில் ஸ்டிக்கர் ஒட்டிய ஹாஸைப் புரட்டிப் பாருங்கள், ஊர் பெயர் இருக்கும். துபாயில் நீங்கள் மோதப்போவது அவர்களோடு. ஹாஸில் அவர்களோடு விலை போட்டு நாம் ஜெயிக்க முடியாது, இது என் தீர்மானமான அபிப்பிராயம். நம்மிடம் இருப்பது பெரிய பச்சைப் பழம். வளைகுடாவிலும் மாலத்தீவிலும் ஜூஸ் கடைகளும் நம் மலையாளிகளின் கடைகளும் அதைத் தாராளமாக எடுப்பார்கள். ஹாஸ் என்று சொல்லாமல் இந்திய மலைப் பச்சைப் பழம் என்றே சொல்லி விற்கலாம்.

சரி, எப்படி வாங்குவது? மூட்டையாக வாங்காதீர்கள். ஊராகவும் தோட்டமாகவும்கூட வாங்காதீர்கள். மரத்தைப் பார்த்து வாங்குங்கள். நான் இப்போது செய்வது இதுதான். மே மாதமே மலைக்குப் போய்விடுவேன். ஏழெட்டுத் தோட்டக்காரர்களிடம் பேசி, “போன வருடம் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போன பழம் எந்த மரத்தில்?” என்று கேட்பேன். விற்கிற மரத்தைக் கேட்டால் எல்லாவற்றையும் காட்டுவார், தின்ற மரத்தைக் கேட்டால் சரியானதைக் காட்டுவார். அந்த மரத்தில் பெயின்ட் அடித்து எண் போட்டுவிடுவேன். பருவம் வந்ததும் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் ஆறு காய். மூன்று மைக்ரோவேவுக்கு, மூன்று அலமாரியில் பழுக்க. எத்தனை நாளில் பழுத்தது, நார் இருக்கிறதா, கசக்கிறதா, கொட்டை எவ்வளவு என்று நோட்டில் எழுதுவேன். இரண்டு வருடத்தில் தேறிய மரங்கள் நாற்பதுக்குள்தான். அந்த நாற்பதிலும் வடிவம், பழுக்கும் நாள் இரண்டும் ஒத்துப்போகிறவற்றைத்தான் ஒரே பெட்டியில் போடுவேன்.

புதிதாக நடவு செய்யத் தயாரான தோட்டக்காரர் கிடைத்தால் ஒட்டுக்கன்று பக்கம் தள்ளிவிடுங்கள். கொட்டைக் கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், ஒட்டு அதற்கு முன்பே காய்க்கும். தடியன்குடிசையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி.1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. குடகில் செட்டள்ளியில் மத்தியத் தோட்டக்கலைப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. கேரளத்துக்குப் போனால் வயநாட்டு அம்பலவயல், அங்கே சந்தையும் உண்டு, ஆராய்ச்சி நிலையமும் உண்டு. ஹாஸ் வைக்கிறவர்களிடம் கூடவே ஃபுவர்ட்டே மாதிரி பி வகையும் சில வைக்கச் சொல்லுங்கள். ஹாஸ் ஏ வகை, அதன் பூ காலையில் பெண்ணாகவும் மறுநாள் மாலையில் ஆணாகவும் திறக்கும், பி வகையில் இது அப்படியே தலைகீழ். இரண்டும் பக்கத்தில் இருந்தால் காய்ப்பு நன்றாக இருக்கும்.

பறிப்புக் கூலியில் கஞ்சத்தனம் வேண்டாம். வழக்கமான கூலிக்கு மேல் கொடுத்து, துரட்டியில் வெட்டுக் கத்தியும் துணிப்பையும் கட்டிப் பறிக்கச் சொல்லுங்கள். கீழே விழுந்த காய் ஒன்றுகூட உங்கள் பெட்டிக்குள் வரக்கூடாது. விழுந்த இடம் அன்றைக்குத் தெரியாது, பழுக்கும்போது கறுப்பாகத் தெரியும். காம்பை முழுக்கப் பிடுங்கக் கூடாது, ஒரு சின்னத் துண்டு விட்டு நறுக்க வேண்டும். பிடுங்கிய குழி வழியாகத்தான் காம்பழுகல் பூஞ்சை உள்ளே போகிறது. மழையில் நனைந்த காயை அன்று தொடாதீர்கள். பருவமே மழைக்காலத்தில் வருவதால் இதைத் தோட்டக்காரர் கேட்கவே மாட்டார், சண்டை போட வேண்டியிருக்கும். போடுங்கள். சாக்கு வேண்டாம், பிளாஸ்டிக் கிரேட்டில் காகிதம் விரித்து இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் இறக்குங்கள்.

மருந்து விஷயம் ஒன்று. “பட்டர் ஃப்ரூட்டுக்கு நாங்கள் மருந்தே அடிப்பதில்லை” என்று தோட்டக்காரர் சொல்வார். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த மரத்துக்குக் கீழே காபியும் ஏலக்காயும் இருக்கும், அவற்றுக்கு அடிப்பார். குளோர்பைரிபாஸ் போன்ற மருந்துகளுக்கு ஐரோப்பாவில் எல்லை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது இல்லவே இல்லாத மாதிரி. வளைகுடாவிலும் சோதனை உண்டு. முதல் சரக்குக்கு முன்னால் ஒரு தடவை எச்சப் பரிசோதனைக்குக் காசு செலவழித்துவிடுங்கள்.

இனி உங்கள் தொழிலிலிருந்து ஒரு எச்சரிக்கை. மீன்காரர்களுக்குக் குளிர் என்றால் எவ்வளவுக்கெவ்வளவோ அவ்வளவுக்கு நல்லது. இறாலை மைனஸ் பதினெட்டில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். மீன் செத்தது, பழம் உயிரோடு இருக்கிறது. மூச்சு விடுகிறது, சூடு கக்குகிறது. ஹாஸ் என்றால் ஐந்திலிருந்து ஏழு டிகிரியில் வைக்கலாம். நம் பெரிய பச்சைப் பழங்களில் பல சமவெளி ரகத்தின் ரத்தம் உள்ளவை, அவற்றை அந்தக் குளிரில் வைத்தால் தோல் கறுத்து, சதை சாம்பல் நிறமாகிவிடும், பழுக்கவே பழுக்காது. அவற்றுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று. எந்த எண் போட்ட மரத்துக்கு எந்தக் குளிர் என்பதையும் அதே நோட்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், மீன் வைத்த ரூமில் வைக்கவே வேண்டாம், கொழுப்புச் சத்துள்ள பழம் நாற்றத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். வாழை, மாம்பழத்தோடும் வைக்காதீர்கள், அவை விடும் எத்திலீன் வாயுவில் இது மளமளவென்று பழுத்துவிடும். ரீஃபர் வண்டி குளிர்ந்த பழத்தைக் குளிராக வைத்திருக்கும், சூடான பழத்தைக் குளிரவைக்காது. மலையிலிருந்து இறங்கிய அன்றே குளிர் அறைக்குள் போய்ச் சூடு இறங்க வேண்டும்.

அந்தக் குளிர் அறை எங்கே என்பதில்தான் நான் நம் ஊருக்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது. வாடகை குறைவு, ஏஜென்ட் பக்கத்தில் இருக்கிறார் என்று தண்டையார்பேட்டையிலோ மாதவரத்திலோ பேக்கிங் வைக்க உங்களுக்குத் தோன்றும். திண்டுக்கல்லிலிருந்து சென்னை நானூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை வந்த பிறகு எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கு நகரத்துக்குள் நுழையாமல் வந்துவிடலாம், உண்மைதான். ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசையைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். அந்த வரிசையில் பழம் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் அதன் ஆயுளில் கழியும். திண்டுக்கல்லிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். மதுரை விமான நிலையம் அதைவிடப் பக்கம், துபாய் விமானம் அங்கிருந்தே இருக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் காய்கறி போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே பேக்கிங்கை மலையடிவாரத்தில் வையுங்கள், பட்டிவீரன்பட்டிப் பக்கம். வயநாட்டுச் சரக்கு என்றால் கோழிக்கோடு அல்லது கொச்சி வழி. வட சென்னையில் உங்கள் ஆபீஸ் இருந்தால் போதும். பழம் இங்கே வர வேண்டியதில்லை.

பேப்பர் வேலை உங்களுக்குப் புதிதல்ல. கடல் பொருள் ஏற்றுமதிக்கு எம்பீடா பதிவு வைத்திருப்பீர்கள், பழத்துக்கு அது செல்லாது, வேளாண் பொருள் ஏற்றுமதியைப் பார்க்கும் அபேடாவில் தனியாகப் பதிவு வேண்டும். தாவர நோய்த் தடுப்பு அலுவலகத்தின் பைட்டோ சர்டிபிகேட் ஒவ்வொரு சரக்குக்கும் வேண்டும். பெட்டிகளை அடுக்க மரப் பேலட் போட்டால் சூடேற்றி முத்திரை அடித்ததாக இருக்க வேண்டும். மற்றதை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்.

பணம் விஷயத்தில், தோட்டக்காரருக்கு மரத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாதீர்கள். தேறிய கிலோவுக்கு ஒரு விலை, தேறாததை அவரே சந்தையில் விற்கட்டும், அதற்கு வண்டிக்கூலி மட்டும் நீங்கள் கொடுங்கள். அப்போதுதான் பிஞ்சைப் பறித்துத் தள்ளும் ஆசை அவருக்கு வராது. முன்பணம் கேட்பார். கொஞ்சம் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். பருவத்தில் வேறு வியாபாரி இரண்டு ரூபாய் கூடச் சொன்னால் கொடுத்துவிடத்தான் பார்ப்பார், அதற்காகக் கோபித்துக்கொண்டு உறவை முறிக்காதீர்கள். அடுத்த வருடமும் அந்த மரம் அங்கேதான் நிற்கும்.

முதல் வருடம் துபாய்க்கு எதையும் அனுப்பாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. தேறிய பழத்தைச் சென்னையிலேயே நான்கைந்து ஹோட்டல்களுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் பெட்டி போட்டு, மர எண் ஒட்டி விற்றுப் பாருங்கள். புகார் வந்தால் மறுநாளே போய்ப் பழத்தை வெட்டிப் பார்க்கலாம். துபாயில் அது முடியாது. துபாய்க்காரருக்கு இப்போதைக்கு ஒரு வரி போதும்: கன்டெய்னர் இல்லை, ஹாஸ் இல்லை, அடுத்த வருடம் ஜூலையில் ஆறு பெட்டி மாதிரி அனுப்புகிறேன், பழுக்க வைத்துப் பார்த்துவிட்டுப் பேசலாம்.